மலிவுக் கைத்துப்பாக்கியை நம்பலாமா? சிக்கும் பிஸ்டலும் சிந்திக்க வேண்டிய கணக்கும்

துவக்குச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தச் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று எமது பிள்ளைகளும் சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. ஆனால், ஆயுதத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அதை நம்பலாமா என்று யோசிக்கும் நிலை எம்மில் பெரும்பாலானோருக்கு வந்ததில்லை.

அந்தக் கேள்வி அமெரிக்காவில் அன்றாடம் எழுகிறது. இரவு நேரத்தில் எரிபொருள் நிலையத்திலும் சிறு கடைகளிலும் தனியே நிற்பவர்களில் புலம்பெயர்ந்தவர்கள் பலர். கையில் பணம் குறைவு, பயம் அதிகம். அப்போது கண்ணில் படுவது இருநூறு டொலருக்குள் கிடைக்கும் ஒரு பிஸ்டல். விலை உயர்ந்த ஆயுதத்துக்குப் பதிலாக அதை நம்பி உயிரை வைக்கலாமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான விடையை வரலாறு, பொறியியல், கணக்கு, சட்டம் ஆகிய நான்கு பக்கங்களிலிருந்தும் பார்க்கிறது.

மலிவுப் பிஸ்டல் பிறந்த கதை

1968 ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங், ரொபர்ட் கென்னடி ஆகிய இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்ரோபர் 22 ஆம் திகதி ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். விளையாட்டுத் தேவைக்குப் பொருந்தாத சிறிய, மலிவான கைத்துப்பாக்கிகளை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்வதை அந்தச் சட்டம் தடுத்தது. ஆனால் அதே வகை ஆயுதத்தை உள்நாட்டில் செய்வதை அது தடுக்கவில்லை.

அந்த இடைவெளியில் ஒரு தொழில் முளைத்தது. 1970 இல் ஜோர்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் தென் கலிபோர்னியாவில் ரேவன் ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எம்பி-25 என்ற சிறு பிஸ்டலைச் சில பத்து டொலர்களுக்கு விற்றார். பின்னர் ஜென்னிங்ஸ், டேவிஸ், லோர்சின், பிரைக்கோ, ஃபீனிக்ஸ் என்று அடுத்தடுத்து நிறுவனங்கள் வந்தன. அவற்றில் பல ஒரே குடும்பத்தோடும் நண்பர்களோடும் தொடர்புடையவை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி அமைந்திருந்த இந்தத் தொழிற்சாலைகளுக்கு, அவசர சிகிச்சை மருத்துவரும் ஆய்வாளருமான கரன் வின்டமியூட் 1994 இல் வெளியிட்ட ஆய்வில் 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டார்.

இந்த ஆயுதங்கள் சிக்குவதற்கும் உடைவதற்கும் பெயர் பெற்றவை. இன்றும் 'மலிவுப் பிஸ்டல்' என்றவுடன் அமெரிக்கர்கள் முகம் சுளிப்பதற்கு இந்தக் காலமே காரணம்.

எங்கே காசு மிச்சம் பிடிக்கப்படுகிறது?

முதலாவது, உலோகம். விலை கூடிய பிஸ்டல்களில் மேலே முன்பின் நகரும் ஸ்லைட் எனப்படும் பாகம் உருக்கில் கடைந்து எடுக்கப்படுகிறது. மலிவானவற்றில் அது துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுகிறது. துத்தநாகத்துடன் அலுமினியம், செம்பு, மக்னீசியம் சிறிதளவு சேர்ந்த இந்தக் கலவை குறைந்த வெப்பத்திலேயே உருகும். வார்ப்பது இலகு, செலவும் குறைவு. ஆனால் உருக்கின் வலிமை அதற்கு இல்லை. இதனாலேயே இலினோய், தென் கரோலினா, ஹவாய் போன்ற மாநிலங்கள், 800 பாகை பரனைட்டுக்குக் குறைவான வெப்பத்தில் உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்துச் சட்டம் செய்தன. அது ஏறக்குறைய 427 பாகை செல்சியஸ்.

இரண்டாவது, இயங்குமுறை. பெரும்பாலான 9 மி.மீ பிஸ்டல்களில், ரவை வெடிக்கும் கணத்தில் சுடுகுழலும் ஸ்லைட்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். சன்னம் குழலை விட்டு வெளியேறி அழுத்தம் குறைந்த பின்னரே அவை பிரியும். மலிவுப் பிஸ்டல்களில் பலவற்றில் இந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைட்டின் பாரமும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் 9 மி.மீ ரவைக்கு ஸ்லைட் மிகவும் கனமாக இருக்க வேண்டும்.

ஒஹாயோ மாநிலத்தின் ஹை-பொயின்ற் நிறுவனத்தின் பிஸ்டல்கள் இதற்கு நல்ல உதாரணம். பார்ப்பதற்கு அழகில்லை, பாரமும் அதிகம், ஸ்லைட் துத்தநாகக் கலவை. நீண்டகாலம் இருநூறு டொலருக்குக் கீழ் விற்கப்பட்டன. ஆனால் பலவீனமான உலோகத்தை அதிக தடிப்பில் போட்டு ஈடுசெய்திருப்பதால், பழைய நெருப்பு வளையப் பிஸ்டல்களுடன் இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. பழுதானால் ஆயுள்காலம் முழுவதும் இலவசமாகத் திருத்திக் கொடுப்பதாக நிறுவனம் உத்தரவாதமும் தருகிறது. அந்த உத்தரவாதம் பெறுமதியானதுதான். எனினும் தேவைப்பட்ட இரவில் சிக்கிய பிஸ்டலுக்கு மறுவாரம் கிடைக்கும் இலவசத் திருத்தம் உதவாது என்பதையும் மறக்கக் கூடாது.

பிஸ்டல் எங்கே சிக்குகிறது?

தானாக ரவையேற்றும் பிஸ்டல் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஐந்து வேலைகளைச் செய்கிறது. மகசினிலிருந்து ரவையை அறைக்குள் தள்ளும். அறையை முழுமையாக மூடும். அடியூசியால் ரவையின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும். வெற்றுக் கோதைக் கொளுக்கியால் பிடித்து இழுக்கும். இழுத்ததை வெளியே எறியும். இதில் ஒன்று தவறினாலும் அடுத்த ரவை சுடாது.

ரவை அறைக்குள் போகாமல் மூக்கால் முட்டி நின்றால், பெரும்பாலும் மகசினின் வாய் விளிம்பு வளைந்திருக்கும் அல்லது அந்த வடிவச் சன்னம் அந்தப் பிஸ்டலுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். கோது பாதியில் நிமிர்ந்து சிக்கினால், கொளுக்கி தேய்ந்திருக்கலாம், ரவை பலவீனமானதாக இருக்கலாம், அல்லது சுட்டவர் மணிக்கட்டைத் தளரவிட்டிருக்கலாம். 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால், அடியூசி பலமாகத் தட்டவில்லை அல்லது ரவையே பழுது.

இங்கு ஒரு முக்கியமான விடயம்: சிக்கும் பிஸ்டல்களில் கணிசமானவற்றுக்குக் குற்றவாளி மகசின்தான். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தமது மகசின்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டாம் இலக்க மகசினிலேயே சிக்கினால், தூக்கி எறிய வேண்டியது பிஸ்டலை அல்ல.

சிறிய ரவை வகையும் கவனிக்க வேண்டியது. .22 ரவைகளில் வெடிமூட்டும் மருந்து அடி விளிம்பைச் சுற்றிப் பரப்பப்பட்டிருக்கும். நடுவில் தனி வெடிமூட்டி உள்ள ரவைகளை விட இவை வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ஜோன் பிரவுனிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .25 ஏசிபி ரவையை வடிவமைத்ததற்கு இதுவே முக்கிய காரணம். .22 ஐ விட அது பெரிதாகப் பலம் கூடியதல்ல. ஆனால் நடுவில் தட்டப்படுவதால் வெடிப்பது உறுதி கூடியது.

எத்தனை ரவை சுட்டால் நம்பலாம்?

'ஐம்பது ரவை சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை, நல்ல சாமான்' என்று சொல்பவர்கள் பலர். இதை எளிய கணக்கால் சரிபார்க்கலாம்.

புள்ளிவிபரவியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு சோதனையை எத்தனை முறை செய்தும் ஒரு தவறும் வரவில்லை என்றால், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான தவறு வீதம் அந்த விடையை விடக் கூடாது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

50 ரவைகள் தடையின்றிச் சுட்டால், தவறு வீதம் 6 சதவீதம் வரையும் இருக்கக்கூடும். 200 ரவைகள் என்றால் அது 1.5 சதவீதம். 500 ரவைகள் என்றால் 0.6 சதவீதம். 1000 ரவைகள் என்றால் 0.3 சதவீதம்.

1.5 சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் பத்து ரவைகள் கொண்ட ஒரு மகசினைச் சுட்டு முடிக்கும்போது ஒரு தடவையாவது சிக்கும் வாய்ப்பு அதில் ஏறக்குறைய 14 சதவீதம். ஏழு தடவையில் ஒரு தடவை. 0.6 சதவீதத்தில் அது 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 0.3 சதவீதத்தில் 3 சதவீதம் அளவில். ஆகவே 50 ரவைச் சோதனை எதையும் நிரூபிக்காது. 200 என்பது ஆகக் குறைந்த தொடக்கம்.

இன்னொரு விடயமும் உண்டு. பயிற்சிக்குச் சுடும் மலிவு ரவையில் சன்னத்தின் மூக்கு உருண்டை. அறைக்குள் வழுக்கிப் போகும். தற்பாதுகாப்புக்கு விற்கப்படும் ரவையின் மூக்கு குழிவானது. அது விளிம்பில் முட்டக்கூடியது. 500 பயிற்சி ரவைகளைச் சிக்காமல் சுட்ட பிஸ்டல், குழிமூக்கு ரவையில் மூன்றாவதிலேயே சிக்கலாம். எனவே எந்த ரவையை ஏற்றி வைக்கப் போகிறோமோ அதையே சுட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது செலவைக் கூட்டிப் பாருங்கள். சோதனைக்கான ரவைகள், மேலதிக மகசின்கள், சுடுதளக் கட்டணம், பயிற்சி, பூட்டுப் பெட்டி எல்லாம் சேரும்போது, விலைப்பட்டியலில் கண்ட 'மலிவு' கரைந்துவிடும். சோதிக்கப் பணமில்லாமல் வாங்கும் பிஸ்டல், நம்பகத்தன்மை தெரியாத பிஸ்டல்தான்.

அரசு வைத்த பரீட்சை

அமெரிக்காவில் நுகர்வோர் பொருட்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஆணைக்குழு 1972 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. விளையாட்டுத் துப்பாக்கியில் குறை இருந்தால் அது தலையிடலாம். உண்மையான துப்பாக்கியில் தலையிட அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே குறைபாடுள்ள பிஸ்டலைத் திருப்பி அழைக்குமாறு எந்தவொரு நிறுவனத்துக்கும் அதனால் கட்டளையிட முடியாது.

இந்த இடைவெளியைக் கலிபோர்னியா மாநிலம் 1999 இல் கொண்டுவந்த சட்டத்தால் ஓரளவு நிரப்பியது. 2001 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, ஒரே மாதிரியான மூன்று பிஸ்டல்கள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் 600 ரவைகள் சுடும். முதல் 20 ரவைகளில் ஒரு தடையும் வரக்கூடாது. மொத்தம் 600 இல் ஆறு தடைகளுக்கு மேல் வரக்கூடாது. ஆபத்தை ஏற்படுத்தும் வெடிப்போ உடைவோ இருக்கக்கூடாது. இதைத் தவிர, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரத்திலிருந்து கொங்கிரீற் தளத்தின் மீது ஆறு விதமாக விழுத்திப் பார்ப்பார்கள். ஒரு தடவையும் வெடிக்கக்கூடாது.

இதிலும் கணக்கைப் பாருங்கள். 600 இல் ஆறு என்பது ஒரு சதவீதம். அந்தப் பரீட்சையில் மயிரிழையில் சித்தியடைந்த பிஸ்டல், பத்து ரவைகள் சுடும்போது ஒரு தடவையாவது சிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அரசு அனுமதித்தது என்பதற்கும் உயிரை நம்பி வைக்கலாம் என்பதற்கும் இடையிலுள்ள தூரம் அதுதான்.

ஏழு வயதுச் சிறுவனும் ஒரு தொழிற்சாலையும்

நம்பகத்தன்மை என்றால் சுட வேண்டிய நேரத்தில் சுடுவது மட்டுமல்ல. சுடக்கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பதும்தான்.

1994 இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில், பிரைக்கோ நிறுவனத்தின் .380 கலிபர் பிஸ்டலிலிருந்து ரவையை அகற்ற, குடும்ப நண்பரான 20 வயது இளைஞர் முயன்றார். அந்த மாதிரியில், பாதுகாப்புப் பூட்டைத் திறந்தால்தான் ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்து ரவையை எடுக்க முடியும். அதாவது, ஆயுதத்தைப் பாதுகாப்பாக்குவதற்கு முதலில் அதைச் சுடக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கணத்தில் அது வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான்.

2003 இல் ஜூரிகள் சபை ஏறக்குறைய 51 மில்லியன் டொலர் நட்டஈட்டைத் தீர்மானித்தது. அதில் சுமார் 24 மில்லியன் உற்பத்தித் தரப்பினரின் பொறுப்பு. நிறுவனம் உடனடியாக வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. மறுவருடம் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தபோது, பதின்ம வயதை எட்டியிருந்த அந்தச் சிறுவன் தரப்பு நன்கொடை திரட்டி 505,000 டொலருக்குக் கேட்டது. வாங்கி, எஞ்சிய துப்பாக்கிகளை உருக்கிவிடுவதே நோக்கம். முன்னாள் ஊழியர் ஒருவர் 510,000 டொலருக்குக் கேட்டு வென்றார். வேறு பெயரில் உற்பத்தி தொடர்ந்தது.

விலை கூடியது என்றாலே பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் சிக் சவர் பி320 வகையைத் தெரிவு செய்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், அதன் பொதுமக்கள் மாதிரி குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது வெளிவந்து, நிறுவனம் இலவசமாக மாற்றியமைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2014 இல் ரெமிங்டன் என்ற பழம்பெரும் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஆர்51 பிஸ்டலை அதே ஆண்டிலேயே திருப்பி அழைத்தது. பெயரும் விலையும் ஒரு சாட்சியம் மட்டுமே; தீர்ப்பு அல்ல.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சட்டபூர்வமாக வைத்திருக்கக்கூடிய நாட்டில், சட்டபூர்வமாக வாங்கக்கூடிய ஒருவர் பின்வரும் ஒழுங்கில் பார்க்கலாம்.

முதலில், அந்த மாதிரி எப்போதாவது திருப்பி அழைக்கப்பட்டதா என்று தொடரிலக்கத்தைக் கொண்டு உற்பத்தியாளரிடம் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாவது, பாதுகாப்புப் பூட்டு போட்ட நிலையிலேயே ரவையை அகற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, அறையில் ரவையுடன் விழுந்தால் அடியூசியைத் தடுத்து நிறுத்தும் பாகம் உள்ளே உண்டா என்று கையேட்டில் பார்க்க வேண்டும். நான்காவது, மேலதிக மகசின்களும் சுருள்வில்களும் இலகுவாகக் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

வாங்கிய பின், சுத்தம் செய்து எண்ணெயிட்டு, எல்லா மகசின்களிலும் குறைந்தது 200 ரவைகள் சுட வேண்டும். ஏற்றி வைக்கப் போகும் ரவையிலும் குறைந்தது ஐம்பதாவது சுட வேண்டும். ஒவ்வொரு தடையையும் கொப்பியில் எழுத வேண்டும்: எந்த மகசின், எந்த ரவை, என்ன விதமான தடை. காரணத்தைக் கண்டு திருத்திய பின் எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். காரணம் தெரியாமல் மறுபடியும் சிக்கினால் அந்தப் பிஸ்டலை நம்பக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கப் பொலிஸ் பிரிவுகள் ஆயுதம் மாற்றும்போது பழையவற்றை வியாபாரிகளிடம் கொடுத்துவிடும். வெளியில் உராய்ந்திருந்தாலும் உள்ளே அதிகம் சுடப்படாத பிஸ்டல்கள் அவற்றில் பல. பணம் குறைந்தவர்கள் புதிய மலிவுச் சாமானை விட இவற்றையே நாடுவதுண்டு.

வீட்டுக்குள் வந்த பின்

இது எம் சமூகம் தவிர்க்காமல் பேச வேண்டிய பகுதி.

அமெரிக்காவில் 2021 இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அரைவாசிக்கும் மேல். கலிபோர்னியாவில் 26 மில்லியன் பேரைப் பின்தொடர்ந்து 2020 இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் வீதம் மற்ற ஆண்களை விட ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களில் அது 35 மடங்கு. இந்தக் கணக்கில் நன்றாக வேலை செய்யும் பிஸ்டலுக்கும் மலிவுப் பிஸ்டலுக்கும் வேறுபாடில்லை. முதல் ரவை பெரும்பாலும் சிக்குவதில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், நடு இரவில் திடுக்கிட்டு எழுபவர்கள் எமது குடும்பங்களில் உண்டு. அத்தகைய வீட்டுக்குள் ஆயுதம் ஒன்றைக் கொண்டுவருவது பாதுகாப்பா, ஆபத்தா என்ற கேள்விக்கு ரவை எண்ணிப் பதில் சொல்ல முடியாது. மனம் கனக்கும்போது பேசுவதற்கு இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், அமெரிக்காவில் 988 என்ற இலக்கமும் உள்ளன.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரமின்றி எந்தச் சுடுகலனையும் வைத்திருப்பது குற்றம். கல்கட்டாஸ், இடியன், கட்டுத்துவக்கு என்று உள்ளூரில் செய்யப்படுபவை எல்லாம் இதற்குள் அடங்கும். நம்பகத்தன்மையைப் பொறுத்தவரையிலும் அவை பிடித்திருப்பவரின் கையிலேயே வெடிக்கக்கூடியவை.

பிரித்தானியாவில் டன்பிளேன் பாடசாலைப் படுகொலையின் பின்னர் 1997 முதல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டுள்ளன. வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் தனிநபர்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டுள்ளன. சுவிற்சர்லாந்தின் 2008 ஆம் ஆண்டு ஆயுத ஒழுங்குவிதி, இலங்கைக் குடியுரிமையுள்ளவர்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் பெயர் குறித்துத் தடுத்தது.

அமெரிக்காவில் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் வாங்கலாம். சட்டபூர்வ வதிவிடம் இல்லாதவர் தொடவே கூடாது. மாணவர், சுற்றுலா, தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் சில விதிவிலக்குகள் தவிர்ந்த தடை உண்டு. ஆயுதக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படவும் கூடும். இருபது வருடம் போராடிப் பெற்ற வதிவிட உரிமையை இருநூறு டொலர் பிஸ்டல் பறித்துவிடலாம்.

முடிவாக

மலிவுப் பிஸ்டல் என்றால் கட்டாயம் சிக்கும் என்பது உண்மையல்ல. விலை கூடியது சிக்காது என்பதும் உண்மையல்ல. கையிலுள்ள அந்த ஒரு பிஸ்டல், அந்த மகசின்களோடு, அந்த ரவையோடு எத்தனை தடவை தடையின்றி இயங்கியது என்பதே சாட்சி. அந்தச் சாட்சியைச் சேர்க்கப் பணமும் நேரமும் இல்லாதவர், அதே பணத்தில் கடைக் கதவுக்கு நல்ல பூட்டும் வெளிச்சமும் போட்டு, இரவுக் கடமைக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வது கூடிய பாதுகாப்பைத் தரும். கதவுப் பூட்டு தவறி வெடிப்பதில்லை.